வலிக்காத டாக்டர் பஸ் ஓட்டப் போனது

அந்த ஊரில் பல்வலி வந்தவர்கள் முதலில் தாடையைப் பிடித்துக்கொள்வார்கள், அடுத்து அவள் பெயரைச் சொல்வார்கள். பெயர் என்றால் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அது கிளினிக் வாசல் பலகையோடு சரி. ஊர் வைத்த பெயர் ‘வலிக்காத டாக்டர்’. ஊசி போடுவதற்கு முன்னால் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டுவாள். சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்பாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாதி வாய் மரத்துப்போயிருக்கும்.

அவள் கணவரும் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில் பல் டாக்டர்தான். கோணல் பல்லுக்குக் கம்பி போடுகிறவர் என்பதால் அவருக்குக் கம்பி டாக்டர் என்று பெயர். “எங்க வீட்டுக்காரர் இருபத்தஞ்சு வருஷமா கம்பி எண்ணிக்கிட்டிருக்கார்” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். ஆரம்பத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளிடம் இன்னது இல்லை என்று வெளியாள் யாரும் விரல் நீட்டிச் சொல்லிவிட முடியாது. நாலு சேர் போட்ட கிளினிக். மாடி வீடு. பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கும் ஒரே மகள். பல் மருத்துவர் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவியாக இருந்தாயிற்று. சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்போது உதாரணத்துக்கு எடுக்கும் ஆள் அவள்தான்.

அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். இத்தனை வருடத்தில் காலையில் கிளினிக் ஷட்டர் மேலே ஏறும் சத்தம் ஒருநாள்கூட அவளுக்குச் சந்தோஷம் தந்ததில்லை. வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. வெறுத்திருந்தால் எப்போதோ உதறியிருப்பாள். வேலை நன்றாக வந்தது, அதுதான் வினை. கை தன்பாட்டுக்கு வேரைத் தேடும், சுத்தம் செய்யும், அடைக்கும். மனசு ஜன்னல் பக்கம் போய்விடும். கிளினிக் முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. நின்ற பஸ் கிளம்பும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகிற அந்த அரை நொடி இடைவெளியை வைத்தே, டிரைவர் தெரிந்தவனா தடுமாறுகிறவனா என்று அவள் சொல்லிவிடுவாள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போன காலத்தில் பிடித்த பைத்தியம் அது. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு போவாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் வந்தது. மார்க் எங்கே இழுத்துக்கொண்டு போனதோ அங்கே போனாள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டப்போகிறேன் என்றிருந்தால் தலைக்கு வைத்தியம் பார்க்க அழைத்துப்போயிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே அப்போது தோன்றவில்லை.

இது எல்லாம் வெளியே வந்தது நெட்டையால்.

நெட்டை என்பது டிப்போவில் அவனுக்கு வைத்த பெயர். நாற்பதுக்குப் பக்கத்தில் வயது. அவன் படுத்தால் சேர் முடிந்த பிறகும் கால் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் அழுகி, கன்னம் பன் மாதிரி வீங்கி வந்தான்.

“ஊசி போட்டா வண்டி ஓட்டலாமா டாக்டரம்மா?”

“என்ன வண்டி?”

“டவுன் பஸ்.”

அவள் கையில் ஊசி அப்படியே நின்றது. எந்த ரூட் என்று கேட்டாள். கியர் பெட்டி பழசா புதுசா, மேம்பாலத்தில் ஆள் நிறைய இருக்கும்போது இரண்டில் ஏறுமா மூன்றில் ஏறுமா, மழையில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டாள். நர்ஸ் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். வெளியே ஆறு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நெட்டை வலியையும் மறந்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“இவ்வளவு ஆசை இருந்தா ஓட்டவேண்டியதுதானே?”

வேடிக்கைக்குத்தான் கேட்டான். அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை.

மூன்றாவது முறை அவன் வந்தபோது, எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே ஒரு கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். டிப்போவில் அவன் தற்காலிக டிரைவர். காலை ஐந்து மணிக்குப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். நிரந்தர டிரைவர் யாராவது வராவிட்டால் அன்றைக்கு வண்டி கிடைக்கும், எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். “யாருக்காவது காய்ச்சல் வந்தாத்தான் டாக்டரம்மா எனக்கு அன்னைக்கு வேலை. ஒம்பது வருஷமா அடுத்தவன் உடம்புக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்பான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், சீட்டெல்லாம் கழற்றிய ஒரு கிழட்டு பஸ்ஸில் அவளுடைய படிப்பு தொடங்கியது. வீட்டில் சங்கக் கூட்டம் என்று சொல்லியிருந்தாள்.

“வாராவாரம் அப்படி என்னதான் பேசுறீங்க?” என்று கணவர் கேட்டார்.

“வேற என்ன, பல்லைப் பத்தித்தான்.”

நெட்டை நல்ல வாத்தியார். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், அதட்டவும் தயங்கவில்லை. பஸ்ஸுக்குள் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தான். “பிரேக்கை மிதிக்காதீங்க, அழுத்துங்க. பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க. அதுல ஒரு அம்மா ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை. கம்பியைப் பிடிக்க அவங்களுக்கு மூணாவது கை இல்ல.” முதல் வாரம் வாளியில் கால்வாசிதான் மிஞ்சியது. அவள் செருப்பு நனைந்து, புடவைக் கரை நனைந்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறுவாள். கழுத்து வலி, முதுகு வலி என்று வருடக்கணக்காக இருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியாது. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினாள். நெட்டை எழுந்து போய் வாளியைப் பார்த்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“அக்கா!” என்றான். அதுவரை டாக்டரம்மாவாக இருந்தவள் அன்றைக்கு அக்காவானாள்.

பஸ் நிழலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தார்கள். நெட்டை நிறையப் பேசினான். மனைவி தையல் வேலை பார்க்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். வருகிற வருடம் நாலு டிரைவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவன் நாலாவது ஆள். “அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குக்கா” என்றான். அவள் ம் கொட்டினாள். காதில் விழாமல் இல்லை. ஆனால் மனசு முழுக்க அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றது.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்து வைத்தாள். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“சரி, ஆசைப்பட்டே, வாங்கிட்டே. இதை என்ன பண்ணப்போறே?”

“பஸ் ஓட்டப்போறேன்.”

“உனக்கு வேணும்னா ஒரு பஸ்ஸே வாங்கித் தர்றேன்மா. வாசல்ல நிறுத்திக்கோ. சாயங்காலம் நாமளே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

“வாசல்ல நிறுத்துறதுக்கு இல்லைங்க. ஆள் ஏத்தி இறக்கணும். யார் ஓட்டுறான்னே தெரியாம ஏறி, அவங்கவங்க வேலையைப் பாக்கப் போகணும். அதுதான் எனக்கு வேணும்.”

அவருக்கு அது புரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்ட வராது, அவ்வளவுதான். “நாலு பேர் என்ன சொல்வாங்க?” என்று கேட்டுவிட்டு, நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினார்.

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கு இந்த வேலை எப்பலேர்ந்து பிடிக்கல?”

“எப்பவுமே பெரிசாப் பிடிச்சதில்லம்மா.”

“பூச்சிகளைப் பத்திப் படிக்கணும்னு நான் சொன்னேன். ஞாபகம் இருக்கா? ஊர்ல இருக்குற வண்டையெல்லாம் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். நீ என்ன சொன்னே?”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ‘பூச்சிதானே படிக்கணும்? பல்லுல இல்லாத பூச்சியா?’ என்று சொல்லியிருந்தாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

“உனக்கே பிடிக்காததை எனக்கு எப்படிம்மா எடுத்துக் குடுத்தே?”

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. கதவு சத்தமே இல்லாமல் மூடியது.

இரண்டு மாதம் கழித்துப் பஸ் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. பெண் டிரைவர்கள் தேவை, நிரந்தர வேலை, காலியிடம் நான்கு. வயது வரம்பு ஐம்பத்தைந்து. அவள் அதை நெட்டையிடம் காட்டினாள்.

“போடட்டுமா?”

நெட்டை தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். “போட்டுப் பாருங்கக்கா. போடுறதுல என்ன இருக்கு?” என்றான். அப்புறம் வழக்கம் போல வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனான். அன்றைக்கு டீ குடிக்கும்போது அவன் அதிகம் பேசவில்லை. அவளுக்கு அது பிறகுதான் உறைத்தது.

ஓட்டிக்காட்டச் சொன்ன அன்று மூன்று அதிகாரிகள் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார்கள். மேம்பாலத்து வளைவில் ஒருவர்கூடக் கம்பியைப் பிடிக்கவில்லை. இறங்கும்போது ஒருவர், “டாக்டர், என் பல்லைக்கூட நீங்கதான் பிடுங்கினீங்க” என்று வாயைத் திறந்து காட்டினார். பல் போன அந்த இடைவெளி அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. முகங்களை மறந்துவிடுவாள், வாய்களை மறக்கமாட்டாள்.

வேலை கிடைத்தது. செய்தித்தாளில் படம் வந்தது. மற்ற மூன்று பெண்களும் படத்தில் ஓரமாக இருந்தார்கள். நடுவில் இவள், பக்கத்தில் பூங்கொத்தோடு மேனேஜர். கிளினிக்கில் இரண்டு சேர்கள் காலியாகிப்போயின. வந்தவர்கள் கம்பி டாக்டரிடம், “வலிக்காதவங்க இல்லையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவளுடைய அக்கா போன் செய்து அழுதாள். யாரோ செத்துப்போன மாதிரி அழுதாள்.

பதினேழாம் நம்பர் வண்டி, முதல் ட்ரிப் காலை ஐந்து நாற்பது. முதல் நாள் ஏறினவர்கள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மீன் கூடையோடு ஒருத்தி, மருத்துவமனைச் சீருடையில் இரண்டு பேர், தூங்கி வழிந்துகொண்டு ஒரு காவலாளி. கண்டக்டர் மணி அடித்தார். அவள் கிளட்சை விட்டாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், கண்ணில் நீர் வழிய ஓட்டிக்கொண்டு போனாள்.

இந்தச் சந்தோஷம் ஆறு நாள் நீடித்தது.

டிப்போவில் டிரைவர்கள் டீ குடிக்கும் ஒரு நீள பெஞ்ச் உண்டு. அவள் போய் உட்கார்ந்தால் ஒருவருக்குத் திடீரென்று வேலை வரும், இன்னொருவருக்கு போன் வரும். ஐந்தாவது நிமிடத்தில் பெஞ்ச் அவளுக்கே சொந்தமாகிவிடும். பெண் என்பதால் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் மற்ற மூன்று பெண்களோடும் அவர்கள் பேசினார்கள், கேலி செய்தார்கள், ஒருத்திக்குக் கண்ணாடியை எப்படித் திருப்புவது என்று ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏழாவது நாள் டைம்கீப்பரிடம் கேட்டாள். வண்டி வருகிற போகிற நேரத்தை எழுதும் வயதான மனிதர் அவர்.

“நெட்டையை ஆளையே காணோமே? லீவா?”

டைம்கீப்பர் பேனாவை மூடினார். “உங்களுக்குத் தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி கேக்குறீங்களா?”

“என்ன?”

“நாலு பேர் ரிட்டையர் ஆனாங்க. அந்த நாலு இடம்தான் உங்க நாலு பேருக்கு வந்துச்சு. பெஞ்சுல உக்காந்திருந்த நாலு பசங்களும், இனிமே நமக்கு இடம் இல்லேன்னு, போயாச்சு. பெண்களுக்குக் குடுத்தோம்னு கம்பெனி பேப்பர்ல போட்டுட்டான். எவன் வாயைத் திறப்பான்? திறந்தா, பொம்பளைங்க வேலைக்கு வர்றது பிடிக்கலையான்னு கேப்பான்.” அவர் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். “அந்த மூணு பொண்ணுங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. அதுங்க சோத்துக்கு வந்ததுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வண்டியின் நேரத்தை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அன்று மீதி இரண்டு ட்ரிப்பை எப்படி ஓட்டி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எக்ஸ்ரேயில் கடுகளவு நிழல் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிறவள் அவள். நாலு பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று நெட்டை சொன்னான். காலியிடம் நான்கு என்று அறிவிப்பில் இருந்தது. இரண்டு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டோமா? வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பத் தோண்டினாள். உண்மையைச் சொன்னால், அறிவிப்பைப் படித்த அன்று ஒரு நொடி மனசில் ஏதோ இடறியது. அந்த ஒரு நொடியை அவள் தாண்டி வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள். குறுகலான தெரு. வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. நெட்டை சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான்.

“வாங்க மேடம்.”

அக்கா போய்விட்டது. டாக்டரம்மாகூட இல்லை.

மாடி ஜன்னலில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. அவன் மேலே வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

“எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமா அந்த இடம்தான்னு தெரியாது.”

“உங்ககிட்ட சொல்லியிருந்தேனே மேடம். டீ குடிக்கிறப்ப.”

“சொன்னீங்க. நான்…” தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தாள். “நீங்கதானே போட்டுப் பாருங்கன்னு சொன்னீங்க?”

“சொன்னேன். இல்லேங்கல. எடுக்கமாட்டாங்கன்னு நினைச்சேன். எடுத்தாலும் நீங்க போகமாட்டீங்கன்னு நினைச்சேன். நாலு சேர் போட்ட டாக்டர் விடிகாலையில டிப்போவுல வந்து நிப்பாங்கன்னு எவன் நினைப்பான்? உங்க ஆசை அந்த மைதானத்தோட தீந்துரும்னு நினைச்சேன்.” அவன் லாரியின் டயரைக் காலால் லேசாக உதைத்தான். “போடாதீங்கன்னு எப்படிச் சொல்றது? என் பல்லுக்கு நீங்க கைநீட்டி ஒண்ணுமே வாங்கல. அந்த நன்றி வேற தொண்டையில நின்னுச்சு.”

“கோபமா இருக்கீங்களா?”

“இல்ல மேடம். நீங்க நல்லா ஓட்டுறீங்கன்னு சொன்னாங்க. மேம்பாலத்துல ஆள் அசையறதில்லையாமே? சொல்லிக்குடுத்தவனுக்கு அது பெருமைதானே?”

அவன் சிரிக்க முயன்றான். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரத்தில், நல்ல எண்ணத்தில்தான், அவள் அதைச் சொன்னாள்.

“தம்பி, எங்க வீட்டுக்கு வந்துருங்க. கார் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு டிரைவர் வேணும். நிரந்தரமா வச்சுக்கறோம். பிள்ளைங்க படிப்பும் நாங்க…”

மாடியில் மிஷின் நின்றது. இந்த முறை மறுபடி தொடங்கவில்லை.

நெட்டை அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. இப்போதுதான் முதல் முறை பார்க்கிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“எதுக்கு மேடம்?” என்றான். “உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே.”

குனிந்து சக்கரத்துச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். வெயில் உச்சியில் இருந்தது. யாரும் அவளைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

மறுநாள் ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு நாலாக மடித்து அவள் பக்கமே தள்ளினார்.

“நீங்க விட்டா அந்த இடம் அவனுக்குப் போயிரும்னு நினைக்கிறீங்களா? பெண்கள் இடம்னு எழுதியாச்சு, டாக்டர். பெண்கள் இடமாவேதான் நிக்கும். வேற பொண்ணு கிடைக்கிற வரைக்கும் வண்டி ஷெட்ல கிடக்கும். பதினேழாம் நம்பர்ல போற ஜனம் நடந்து போகும். சந்தோஷமா?”

“அவருக்கு வேற எதாவது வழி…”

“பேப்பர்ல படம் வந்தாச்சு. பத்தே நாள்ல விட்டுட்டு ஓடிட்டாங்கன்னு அடுத்த படம் வரும். அந்த மூணு பொண்ணுங்களையும் சேத்துத்தான் சிரிப்பாங்க.” அவர் கடியாரத்தைப் பார்த்தார். “உங்க வண்டி எத்தனை மணிக்கு?”

அவள் வண்டியை எடுத்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கணவர் முழுவதையும் கேட்டார். “அப்போ திரும்பி வந்துடேன். உன் சேர் காலியாத்தான் இருக்கு” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். திரும்பிப் போனால் நெட்டைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, மறுபடி ஷட்டர் சத்தம்தான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இல்லாத இடத்தில் தனக்குப் பிடித்த பக்கத்தில் நின்றுகொண்டாள். அதற்கு அவள் வேறு பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சேரில் அடுத்த வருடம் மகள் உட்கார்ந்தாள். வேண்டாம் என்றால் விட்டுவிடு, பூச்சி படிக்கப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் இரண்டு முறை சொல்லிப்பார்த்தாள். “இப்பவா?” என்றாள் மகள், கையுறையை மாட்டிக்கொண்டே. “எனக்கு இன்னும் இருபத்தேழு வருஷம் இருக்கும்மா. உன் வயசு வரட்டும். அப்புறம் நானும் யோசிக்கிறேன்.” அவளுக்கும் கை நல்ல கை. வந்தவர்கள் வலிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நெட்டை குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாக டைம்கீப்பர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது, செய்தித்தாளிலிருந்து ஒரு இளம்பெண் பேட்டிக்கு வந்தாள். டிப்போ வாசலில், வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, “பிடிச்ச வாழ்க்கையைத் தேடுறவங்களுக்கு நீங்க என்ன மேடம் சொல்வீங்க?” என்றாள்.

வலிக்காத டாக்டர் யோசித்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை, பெயர் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“நான் உக்காந்திருக்கிற சீட்டு இன்னொருத்தரோடதுன்னு எழுதுங்க. அவர்தான் எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தார். ஒம்பது வருஷம் பெஞ்சுல காத்துக்கிட்டிருந்தார். நான் வந்து உக்காந்துட்டேன்.”

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள். பெரிய கண்கள், மரியாதையான முகம். “ரொம்ப அடக்கமாப் பேசுறீங்க மேடம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டி வந்தது. ‘ஆசைக்கு வயசில்லை என்று சிரிக்கிறார் டாக்டர்’ என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தார்கள். ‘கற்றுக்கொடுத்த குருவை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்’ என்று கீழே ஒரு வரி. கணவருக்கு ஒரே பெருமை. நாலு பேரும் போன் செய்து பாராட்டினார்களாம். தாளை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிளினிக் வரவேற்பறையில் மாட்டினார். பல்வலியோடு காத்திருக்கிறவர்கள் இப்போது அதைத்தான் படிக்கிறார்கள். எழுந்துபோய் அதைக் கழற்ற அவளுக்குத் தெம்பு வரவில்லை. என்ன காரணம் சொல்லிக் கழற்றுவது?

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு வண்டியை எடுத்தாள். ராத்திரி மழை பெய்து ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆள் குறைவு. மேம்பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் ஒரே சீராக இழுத்தது. ஸ்டியரிங் கைக்குள் பூனைக்குட்டி மாதிரி அடங்கியிருந்தது. போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே, கொஞ்சம்கூடக் குறையாமல், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த நிறுத்தத்தில் கை காட்டியவர்களுக்காகப் பிரேக்கை மெதுவாக அழுத்தினாள்.